கால்சியம் 11.4: அம்மாவின் மறதிக்கும் அழுகைக்கும் இதுதான் காரணமா?

நெல்லைப்பொண்ணு:
அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் சீட்டுக் கணக்கை மனசிலேயே வைத்திருந்தவர், இப்போது மளிகைக் கணக்கை மூன்று தடவை கூட்டுகிறார், மூன்று தடவையும் வேற வேற விடை வருகிறது, உடனே அழுகை. தைராய்டு நார்மல். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார், பெரிய மாற்றம் இல்லை. போன மாதம் சிறுநீரகக் கல்லுக்காக ரத்தம் பார்த்தபோதுதான் கால்சியம் 11.4, பிடிஎச் (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) 148, இரண்டுமே அதிகம் என்று தெரிந்தது. பாராதைராய்டு சுரப்பியில் கட்டி, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். செய்தால் பழைய அம்மா திரும்பி வருவாரா?

வெண்பனி:
எனக்கு 49 வயதில் செய்தார்கள். அதற்கு முன் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், படித்த வரியையே திரும்பப் படிப்பேன், வீட்டில் எல்லாரும் சோம்பேறித்தனம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் தூக்கமும் எரிச்சலும் சரியாயின. ஞாபகம் மெதுவாகத்தான் வந்தது, மாதக்கணக்கில். முதல் சில நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகும், கால்சியம் இறங்குவதால் வருவது அது, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வார்டுசிஸ்டர்:
தைராய்டு வேறு, இது வேறு தங்கச்சி. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் பொதுவாக நாலு சுரப்பி இருக்கும், பெரும்பாலும் ஒன்றுதான் பெரிதாகும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் பிடிஎச் தானாக இறங்கவேண்டும். இறங்காமல் நிற்பதே கோளாறு. கால்சியம் கூடினால் நரம்புகள் மந்தமாகின்றன, களைப்பும் குழப்பமும் மனச்சோர்வும் அதனால் வரலாம். ஆனால் உங்கள் டாக்டர் "சொல்ல முடியாது" என்றால் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். மனநிலைக்காக மட்டும் அறுத்தால் எவ்வளவு பலன் என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கல் இருக்கிறது, அதுவே ஆபரேஷனுக்கு நல்ல காரணம். விட்டமின் டி, எலும்பு அடர்த்தி இரண்டையும் பார்த்தார்களா? மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அதில் லித்தியம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அதுவும் கால்சியத்தை ஏற்றும். முட்டிவலிக்கு என்று கடையில் வாங்கிய கால்சியம் மாத்திரை ஏதாவது போடுகிறாரா?

கரிசல்:
என் அம்மாவுக்கு 70ல் செய்தோம். கால்சியம் நார்மலாகிவிட்டது, அழுகை குறைந்தது, மறதி அப்படியே இருக்கிறது. பிறகு பார்த்தால் அது தனியான மறதி நோய். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஞாபகச் சோதனை ஒன்று எடுத்து எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்றாலும் பயப்படாதீர்கள், எங்களுக்கும் முதல் ஸ்கேனில் தெரியவில்லை.

நெல்லைப்பொண்ணு:
சிஸ்டர், லித்தியம் இல்லை. ஆனால் கால்சியம் மாத்திரை தினமும் ரெண்டு போடுகிறார், நாலு வருஷமாக, வாங்கிக் கொடுத்ததே நான்தான். எந்த டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாளைக்கே கேட்கிறேன். பாலையும் நிறுத்தணுமா?

வார்டுசிஸ்டர்:
பால், மோர் வழக்கம்போல் குடிக்கட்டும், தண்ணீர் நிறைய. மாத்திரை அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.