கிண்ணப்பொறியா, கைவலையா? வன்னியில காட்டுத்தேனீ கணக்கெடுப்பு

கேள்வி: வவுனியா வடக்கில எள்ளு வயலோரத்தையும் பாலைமரக் காட்டு விளிம்பையும் ஒப்பிடப்போறம். நீல, மஞ்சள், வெள்ளைக் கிண்ணங்களில சவர்க்காரத் தண்ணி வைச்சுத் தேனீ பிடிச்சால் போதுமோ, கைவலையும் வேணுமோ?

பதில் 1: போதாது. கிண்ணத்தில ஹாலிக்டிட் எண்ட குடும்பத்துச் சின்னத் தேனீக்கள் நிறைய விழும். மலைத்தேனீயும் தச்சுத்தேனீயும் விழுறது அருமை. அதைவிடப் பெரிய சிக்கல், எள்ளு பூத்துக் குலுங்கேக்க தேனீ பூவுக்குப் போகும், கிண்ணத்துக்கு வராது. பூவில்லாத இடத்தில கனக்க விழும். அந்த எண்ணிக்கையை வைச்சு 'இங்க தேனீ கூட' எண்டு எழுதினால் முடிவு தலைகீழ்.

பதில் 2: உண்மை. ஆனா கைவலையால பிடிச்சாலும் ஆளுக்காள் கைத்திறன் மாறும். 50 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 15 நிமிசம் நடவுங்கோ; பிடிச்சதைக் குப்பியில போடேக்க கடிகாரத்தை நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு இடத்துக்கும் ஆக்களை மாத்துங்கோ. கிண்ணமும் வைக்கிறதெண்டால் பூவின்ர உயரத்தில, 5 மீற்றர் இடைவெளியில, மணமில்லாத சவர்க்காரம் சில துளி. எங்கட வெயிலுக்குத் தண்ணி வத்தும், மாடு வந்து குடிச்சுக் கவிழ்க்கும். மத்தியானம் ஒருக்காப் பாருங்கோ. அண்டைக்கே எடுத்துக் கழுவி 70% எத்தனோலில போடாட்டி அழுகிப்போகும்.

பதில் 3: பாலைமர உச்சியில பூக்கிறதைக் கிண்ணமும் வலையும் எட்டாது. அதுக்கு பைனாகுலரால எண்ணுங்கோ. கொம்புத்தேனீயைக் கண்ணால அடையாளம் காணலாம், கொல்லத் தேவையில்லை. ஹாலிக்டிட்டுக்கு நுணுக்குக்காட்டி வேணும். பிடிக்க முதல் வனசீவராசிகள் திணைக்கள அனுமதி எடுங்கோ.