மாட்டுப்பண்ணை இருக்கிற காலேஜுக்கு நாலு குதிரை வருது, ஒரே ஷெட்டுல வெக்கலாமா?

பண்ணை_பொறுப்பு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொங்கு பக்கம் ஒரு தனியார் விவசாயக் காலேஜ்ல கால்நடை பாடம் எடுக்கறேன், பண்ணையும் என் பொறுப்புதான். ஜெர்சி கிராஸ், எச்எஃப் கிராஸ் மாடுங்க, தலைச்சேரி ஆடு, சின்னதா ஒரு பிராய்லர் ஷெட். எல்லாத்துக்கும் தீவனம் நாங்களே அரைச்சுக்கறோம், கிரைண்டரும் மிக்ஸரும் ஒண்ணே ஒண்ணுதான். இது வரைக்கும் நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு.

இப்ப நிர்வாகத்துல குதிரையேற்ற கிளாஸ் ஆரம்பிக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. நாலு குதிரை வருது. ரெண்டு ரேஸ்ல ஓடி ரிட்டையர் ஆன தரோபிரெட், மீதி ரெண்டு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைல வாங்கப் போறாங்களாம். கன்னுக்குட்டி ஷெட்டுல பாதி காலியா கெடக்குதுல்ல அங்க கட்டிருங்க, இருக்கற ஆளுங்களே பாத்துக்கட்டும், இருக்கற தீவனமே போதும், அதுவும் கால்நடைதானேன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க. மாடு நான் பொறந்து வளந்த வீட்லயே இருந்தது, குதிரை பரீட்சைக்குப் படிச்சதோட சரி. ரெண்டையும் ஒரே காம்பவுண்டுல வெச்சு நிர்வாகம் பண்ணவங்க யாராவது இருந்தா எதை எதை கண்டிப்பா பிரிக்கணும், எதை சேர்த்துக்கலாம்னு சொல்லுங்க. நிர்வாகத்துக்கு எழுதிக் குடுக்கணும், காரணத்தோட சொன்னா உதவியா இருக்கும்.

லாயம்_கோவை:

மேடம் மொதல்ல அந்த தீவன மிக்ஸர் பத்தி பேசிடலாம், ஏன்னா நீங்க எழுதுனதுலயே என்னை பயமுறுத்துனது அதுதான். பிராய்லர் தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்கு மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலப்பாங்கல்ல, சில மாட்டு பிரீமிக்ஸ்லயும் (தீவனத்துல கலக்கற சத்து, மருந்துக் கலவை) மொனென்சின் வரும். கோழிக்கும் மாட்டுக்கும் அந்த அளவு ஒண்ணும் பண்ணாது, குதிரைக்கு அது விஷம். உடம்பு எடைல கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் உள்ள போனாலே உசுரு போகலாம், மாடு அதை விட பத்து மடங்கு தாங்கும். நேரா இதய தசையை அடிக்கும், மாத்து மருந்து கிடையாது, தப்பிச்ச குதிரையும் அப்புறம் சவாரிக்கு நம்ப முடியாது, ஓடும்போதே சாயலாம். மிக்ஸரை கழுவிட்டு அரைச்சுக்கறோம்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. குதிரைக்கு தனி ரூம், தனி டிரம், தனி முறம், கதவுக்குப் பூட்டு. முழு தானியமா வாங்கிக்கங்க, ஓட்ஸ், பார்லி, கொள்ளு, அந்த மிஷின் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மக்காச்சோளம். பூசணம் புடிச்ச சோளத்துல ஃபுமோனிசின்னு ஒரு நச்சு இருக்கும், மாடு ஓரளவு சமாளிச்சுரும், குதிரைக்கு மூளையே கரைஞ்சு போகும். சைலேஜும் (காத்துப் புகாம குழில மூடி ஊற வெக்கற பசுந்தீவனம்) அப்படித்தான், மாட்டுக்குப் போடற குழில இருந்து எடுத்துப் போட்டுராதீங்க, பொட்டுலிசம், அதாவது கெட்ட தீவனத்துல இருக்கற கிருமி நச்சால வர்ற வாதம், வந்தா குதிரை அதுக்கு ரொம்பவே பலவீனம். கெட்டுப் போன தீவனத்தை மாட்டுக்குத் தள்ளி விடற பழக்கம் எல்லா பண்ணைலயும் உண்டு, குதிரை விஷயத்துல அந்த பேச்சே வரக்கூடாது.

தவிடு. இங்கதான் நம்ம ஊர்ல நெறைய குதிரை கெடுது. அரிசித் தவிட்டுல சுண்ணாம்புச் சத்தை விட பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல, மாடு தாங்கிக்கும், குதிரைக்கு தினமும் அதையே போட்டா எலும்புல இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சு தாடை வீங்கி மூஞ்சியே பெருத்துரும், ஒரு நாள் ஒரு காலை நொண்டும் இன்னொரு நாள் வேற காலை நொண்டும். அது கூட கோ-4, கோ-5 புல்லை (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகங்க) மட்டுமே போட்டீங்கன்னா அதுல இருக்கற ஆக்சலேட் மீதி சுண்ணாம்பையும் சேர விடாது. அதனால புல்லு கலந்து போடுங்க, அருகம்புல், கொஞ்சம் குதிரை மசால் (லூசர்ன்), உங்க காலேஜ்ல இடம் இருந்தா ஒரு பாத்தி மசால் இப்பவே வெதைச்சுருங்க.

அளவு எப்படின்னா, குதிரைக்கு இரைப்பை 8ல இருந்து 15 லிட்டர்தான், வாந்தி எடுக்கவும் வராது, மாடு மாதிரி ரெண்டு வேளை கொட்டிட்டுப் போய்ட்டா கோலிக், அதாவது கடுமையான வயித்து வலி, வந்து உருளும். காஞ்ச புல் மட்டுமே உடம்பு எடைல 1.5 சதவீதத்துக்குக் குறையாம, அதாவது 400 கிலோ குதிரைக்கு 6 கிலோ, நாள் பூரா பிரிச்சு பிரிச்சு. தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டவே கூடாது. ரேஸ்ல இருந்து வர்ற குதிரைங்க தானியம் அதிகமா தின்னு பழகினதுங்க, வந்த அன்னைக்கே மாத்தாம ஒரு வாரம் பத்து நாள்ல மெதுவா இறக்குங்க.

கால்நடை_டாக்டர்_தஞ்சை:

தீவனம் பத்தி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் மருந்து, நோய் பக்கம் சொல்றேன்.

உண்ணிக்கு மாட்டுக்கு அமிட்ராஸ் அடிப்பீங்க, அதே டின்னை எடுத்து குதிரைக்கு அடிச்சா குடல் அசையாம நின்னு போய் லத்தி கட்டிக்கும், கோலிக்ல கொண்டு போய் விடும். ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரியாது, பாவம் நல்ல எண்ணத்துல அடிச்சு விட்ருவாங்க. அதனால மருந்து அலமாரியே ரெண்டா வெச்சு குதிரை அலமாரி சாவி ஒரே ஆள் கைல இருக்கட்டும்.

வாங்கறதுக்கு முன்னாடி கிளாண்டர்ஸ் டெஸ்ட். இது கட்டாயம்னு நெனச்சுக்கங்க, சந்தைக் குதிரைக்கு ரெண்டு மடங்கு கட்டாயம். ரத்தம் எடுத்து சீரத்தை கால்நடைத்துறை மூலமா அனுப்பணும், ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதுக்கு முக்கியமான லேப். மனுசனுக்கும் தொத்தற நோய், காலேஜ் பசங்க மூஞ்சியோட மூஞ்சி வெச்சு செல்ஃபி எடுப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. பாசிட்டிவ் வந்தா வைத்தியம் கிடையாது, 2009 தொத்துநோய் சட்டப்படி தகவல் குடுத்து குதிரையை கருணைக்கொலைதான் பண்ணணும். ரிசல்ட் வராம வண்டில ஏத்தாதீங்க. வந்ததும் மூணு நாலு வாரம் தனியா, மாட்டுக்கும் முன்னாடியே வந்த குதிரைக்கும் எட்டாத தூரத்துல, தனி ஆள், தனி வாளி.

சர்ரா தெரியும்ல, ட்ரிபனோசோமாங்கற ரத்த ஒட்டுண்ணியால வர்ற நோய், கடிக்கிற ஈ மூலமா பரவும். மாட்டுக்கு இருந்தாலும் பெருசா வெளில காட்டாது, நல்லாத்தான் பால் கறக்கும், அதே ஈ போய் குதிரையைக் கடிச்சா காய்ச்சல் வந்து வந்து போகும், கால் வீங்கும், தின்னுட்டே இளைக்கும். கன்னு ஷெட்டுல பாதி இடத்துல கட்டறது வேணாம்னு நான் சொல்றதுக்கு முதல் காரணமே இதுதான். தள்ளிக் கட்டுங்க, சாணியும் லத்தியும் ரெண்டு ஷெட்டுக்கும் நடுவுல குமிச்சு வெக்காதீங்க, தினமும் அள்ளி தூரமா உள்ள கம்போஸ்ட் குழிக்குப் போகட்டும்.

தடுப்பூசில டெட்டனஸ் மறக்கவே கூடாது, குதிரை அளவுக்கு அதுக்கு பலியாகற மிருகம் நம்ம பண்ணைல வேற இல்ல, அந்த கிருமி லத்திலயே இருக்கும், அதனால வேலை பாக்கற ஆளுங்களுக்கும் பசங்களுக்கும் டிடி ஊசி போட்ருங்க. வெறிநாய்க்கடி ஊசி குதிரைக்கும் உண்டு. கோமாரி குதிரைக்கு வராது, ஆனா குதிரை குளம்புலயும் சைஸ் (குதிரையைப் பாத்துக்கற ஆள்) செருப்புலயும் அந்த கிருமி ஒட்டி மாட்டுக்கு வந்து சேரும், அதனால மாட்டு ஷெட் வாசல்ல கால் நனைக்கிற தொட்டியை எடுத்துராதீங்க.

இன்னொண்ணு. மாட்டுக்கு உடம்பு சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் நார்மல்னு கைல ஊறிப் போன பசங்க குதிரைக்கு 102 பாத்துட்டு சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போய்ருவாங்க. குதிரைக்கு 99ல இருந்து 101 வரைக்கும்தான். நாடித்துடிப்பு நிமிசத்துக்கு 28ல இருந்து 44. இதை பெருசா எழுதி லாயத்துல ஒட்டுங்க.

வேப்பேரி_கேடட்:

டாக்டர் சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நான் மெட்ராஸ் வெட்டரினரி காலேஜ்ல என்சிசி ரீமவுண்ட் அண்ட் வெட்டரினரி ஸ்குவாட்ரன்ல, அதாவது குதிரைப் பிரிவுல, கேடட்டா இருந்தேன். அங்க சவாரிக்கு முன்னாடி குதிரையைத் தேய்க்கறது, குளம்பை சுத்தம் பண்றது, லாயம் கூட்டறது எல்லாம் கத்துக்கிட்டுதான் மேல ஏறுவோம், அதை உங்க கிளாஸ்லயும் வெச்சிருங்க மேடம், அந்த அரை மணி நேரத்துலதான் காயம், வீக்கம், லாடம் ஆடறது எல்லாம் கண்ணுல படும். பசங்க மாட்டு பழக்கத்துல பின்னாடி போய் நிப்பாங்க, மாடு பக்கவாட்டுல வளைச்சு உதைக்கும், குதிரை நேரா பின்னாடி உதைக்கும், அது வேற வேகம். அப்புறம் எடை. சேணத்தோட சேத்து குதிரை எடைல 20 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க, 350 கிலோ நாட்டுக் குதிரைன்னா 70 கிலோதான், காலேஜ் பசங்கள்ல பாதி பேர் அதுலயே கழிஞ்சுருவாங்க. ஹெல்மெட் இல்லாம யாரையும் ஏத்தாதீங்க ப்ளீஸ்.

பண்ணை_பொறுப்பு:

ரொம்ப ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மொனென்சின் விஷயத்தைப் படிச்சதும் எங்க பிரீமிக்ஸ் மூட்டையைப் போய் பாத்தேன், லேபிள்லயே போட்டிருக்கு. ஷெட் பத்தி சொல்லணும்னா கூரை தாழ்வா இருக்கு, தரை வழவழன்னு சிமெண்ட், நடுவுல சாணி வாய்க்கால், வெளி வேலி முள்கம்பி. ஆளுங்க பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போயிருவாங்க, மாட்டுக்கு கறவை ஆள் ஒருத்தர் இருப்பார், குதிரைக்கு யாருன்னு நிர்வாகத்துல யாரும் யோசிக்கவே இல்ல.

ஓய்வு_சூப்பரிண்டெண்டெண்ட்:

அம்மா, நான் அரசு காலேஜ் பண்ணைல கடைசி வரைக்கும் இருந்தவன், குதிரையும் இருந்துச்சு மாடும் இருந்துச்சு, அதனால சொல்றேன். அந்த ஷெட்டு வேண்டாம். முள்கம்பியைப் பாத்தா மாடு ஒதுங்கும், குதிரை மிரண்டா அதுக்குள்ளயே பாயும், கால் தசை கிழிஞ்சு தொங்கறதை நான் பாத்திருக்கேன். பைப் ரெயிலோ மரமோ போடுங்க. ஒரு குதிரைக்கு 12க்கு 12 அடி, கூரை குறைஞ்சது 12 அடி உயரம், தரைல ரப்பர் மேட்டோ மணலோ, வாய்க்கால் இருந்தா மூடிருங்க. ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி கம்பி சன்னல் வைங்க, தனியா அடைச்சா சுவத்தைக் கடிக்கும், காத்தை முழுங்கும், நின்ன எடத்துலயே ஆடும். தண்ணி ஒரு குதிரைக்கு சாதாரணமா 25ல இருந்து 40 லிட்டர், சித்திரை வெயில்ல சவாரியும் இருந்தா அது பத்தாது. தினமும் கொஞ்ச நேரமாவது கட்டு இல்லாம மேய ஒரு திடல் வேணும், அது இல்லாத காலேஜ் குதிரை வாங்கவே கூடாதுங்கறது என் கருத்து.

லீவு விஷயம் நீங்க நெனைக்கறதை விட பெருசு. பொங்கலுக்கு ஒரு வாரம் சவாரி இல்ல, ஆனா தானியம் அதே அளவு போட்டுட்டே இருப்பாங்க, லீவு முடிஞ்சு முதல் நாளே ஓட விட்டா தொடை தசை கல்லு மாதிரி இறுகி குதிரை நகராது, மூத்திரம் காப்பி நெறத்துல போகும். பழைய ஆளுங்க இதை திங்கக்கிழமை நோய்னே சொல்லுவாங்க. சவாரி இல்லாத நாள் தானியத்தைப் பாதியாக்குங்க, கைல புடிச்சு நடத்த ஆள் வேணும், லீவு முடிஞ்சா நடையில இருந்து ஆரம்பிக்கணும். காலேஜ் காலண்டரை வாங்கி பரீட்சை, லீவு எல்லாம் குறிச்சு, அந்தந்த வாரம் யார் பேரு, தீவனம் எவ்வளவுன்னு இப்பவே எழுதிருங்க.

ஆள். இதுல விட்டுக் குடுக்காதீங்க. கறவை ஆளை குதிரை பாக்கச் சொன்னா ரெண்டும் கெடும். நாலு குதிரைக்கு ரெண்டு சைஸ், ஒருத்தர் லீவுன்னா இன்னொருத்தர், ராத்திரி ஒருத்தர் லாயத்துக்குப் பக்கத்துலயே படுக்கணும், கோலிக் பெரும்பாலும் நடு ராத்திரிலதான் கண்ணுல படாமப் போகுது. ரேஸ் கோர்ஸ்ல வேலை பாத்த அனுபவமான ஆளுங்க கெடைப்பாங்க, சம்பளம் கூட கேப்பாங்க, குடுங்க. லாடம் அடிக்கிறவர் 6ல இருந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை வரணும், அவரை முன்கூட்டியே பேசி வைங்க, நம்ம பக்கம் நல்லவங்க கொஞ்சப் பேருதான்.

பணம் எங்க இருந்து வருதுன்னும் கேளுங்க. சவாரி கட்டணத்துல இருந்து ஓட்டிக்கலாம்னு சொல்வாங்க, கிளாஸ் நடக்காத மாசம் குதிரை திங்காம இருக்காது. பண்ணை பட்ஜெட்ல தனி தலைப்பு கேளுங்க. இல்லன்னா நாளைக்கு மாட்டுத் தீவனப் பணத்துல இருந்துதான் எடுப்பாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் எலும்பு தெரியும். வயசாகி சவாரிக்கு ஆகாத குதிரையை என்ன பண்றதுன்னும் அதே கடுதாசில எழுதி கையெழுத்து வாங்கிருங்க, ஊட்டி ரோட்ல குப்பை தின்னுட்டு நிக்கற குதிரைங்களும் ஒரு காலத்துல யாரோ ஒருத்தருக்கு சம்பாதிச்சுக் குடுத்ததுங்கதான்.

பண்ணை_பொறுப்பு:

ஐயா, இதை அப்படியே வெச்சு எழுதறேங்க. டெஸ்ட் ரிசல்ட், தனி லாயம், ரெண்டு சைஸ், தனி பட்ஜெட், இந்த நாலும் ஆனாத்தான் குதிரை உள்ள வரணும்னு போடப் போறேன், ஆடிச் சந்தைக்கு இன்னும் டைம் இருக்கு. ஆட்டுக் கொட்டகைக்கு மேக்கால ஒரு மேட்டு நிலம் சும்மா கெடக்குது, மாட்டு ஷெட்டுல இருந்து நல்ல தூரம்தான், தண்ணி லைன் மட்டும் இழுக்கணும்.

ஓய்வு_சூப்பரிண்டெண்டெண்ட்:

மேட்டு நிலம்னா ரொம்ப நல்லது, மழைத்தண்ணி நிக்காது, குளம்பு அழுகாது. காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாத்து லத்திக் குழியை லாயத்துக்கு அந்தாண்ட எதிர்ப்பக்கம் போடுங்க. பிளான் வரைஞ்சதும் இங்க போடுங்கம்மா, பாத்து சொல்றேன்.