ஆகஸ்ட்டில் இலங்கை, 9 நாள்: கடலுக்கு எந்தப் பக்கம் போவது?

கொங்குப்பயணி:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். நான், மனைவி, 14 வயதுப் பையன், 9 வயதுப் பெண், கூடவே அப்பா. அப்பாவுக்கு 66 வயது, சமதரையில் நன்றாக நடப்பார், படி இறங்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொள்ளும். மொத்தம் 9 நாள்.

ஏஜென்ட் கொடுத்திருக்கும் திட்டம் இது: நீர்கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸ, காலி, கடைசியில் கொழும்பு. பார்த்தால் தினமும் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றுவதுதான் வேலை போலத் தெரிகிறது. எங்களுக்குக் கோயில், அரண்மனை, ஷாப்பிங் எல்லாம் இரண்டாம்பட்சம். பிள்ளைகள் கடலில் ஆசைதீரக் குளிக்க வேண்டும், பையனுக்குத் தண்ணீருக்கடியில் மீன் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு யானை, எனக்கு ஒரு நாளாவது நல்ல மலை நடை. மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் படகு உண்டு என்று ஏஜென்ட் ஆசை காட்டுகிறார். ஆனால் ஆகஸ்ட்டில் அங்கே மழைக்காலம் என்று ஒருவர் சொன்னார், இல்லை அதுதான் சீசன் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடையாறு_நடை:

மிரிஸ்ஸவை அடித்துவிடுங்கள். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

நாங்கள் ஒரு ஆகஸ்ட்டில் இதே மாதிரி ஒரு பட்டியலை நம்பித் தென்கரைக்குப் போனோம். காலை ஆறரைக்குப் படகு. துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடம் படகின் முன்பக்கம் மேலே எழும்பி, அடுத்த அலையின் பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது, அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் அதேதான். என் மனைவி கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தாள், குழந்தை மூன்று முறை வாந்தி எடுத்தது, படகில் பாதிப்பேர் கையில் பிளாஸ்டிக் பை. திமிங்கலம் தென்படவில்லை. அப்படியே தென்பட்டிருந்தாலும் எழுந்து நின்று பார்க்க யாருக்கும் தெம்பில்லை. கடல் அப்படித்தான் இருக்கும் என்று டிக்கெட் விற்றவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், குழந்தையோடு நிற்கிறோம் என்று பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

தென்கரைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அந்தக் கரையில்தான் வந்து மோதுகிறது. காலிக் கோட்டை மதில் மேல் நடக்கலாம், அதற்கு எந்த மாதமும் சரி. ஆனால் குளிக்கக் கடல் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் வேண்டாம். பிள்ளைகளைக் காலைக்கூட நனைக்க விடாமல் கரையிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டிவரும்.

நிலாவெளிச்_சனம்:

அண்ணா, உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தெற்கைச் சொல்லியிருப்பார், மற்றவர் கிழக்கை. இலங்கை முழுவதற்கும் ஒரே சீசன் என்று ஒன்று கிடையாது. எங்கள் பக்கத்தில் இரண்டு காற்று. தென்மேற்கிலிருந்து வருவது கச்சான், வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கச்சான் வீசும்போது மழை முழுவதும் கொழும்பு, காலி, மலையின் மேற்குச் சரிவு என்று அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது அது வெறும் சூட்டுக் காற்று. அதனால் மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். டிசம்பரில் இங்கே வந்து நிலாவெளியில் குளிக்கப் போகிறேன் என்றால் நான் விடமாட்டேன்.

நீங்கள் வருவது ஆகஸ்ட், அதனால் கிழக்குக்கு வாருங்கள். மூன்று இரவாவது திருமலையில் தங்குங்கள், திருகோணமலையை நாங்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம். நிலாவெளி, உப்புவெளி இரண்டுமே நல்ல கரை, ஆழம் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு விஷயம் மட்டும் கவனம். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பிள்ளைகள் காற்றடைத்த டியூபில் மிதந்தால் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும், அலையே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு அது பிந்தித்தான் விளங்கும். காற்று காலையில் குறைவு, பின்னேரம் கூடும். கடல் வேலை எல்லாவற்றையும் பதினொரு மணிக்கு முன்னே முடியுங்கள்.

பையனுக்குப் புறாத்தீவு. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். 2003ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அதனால் அனுமதிச் சீட்டும் படகும் தனித்தனிக் காசு. கட்டணம் கூடிக் குறைகிறது, போகிற அன்று விசாரியுங்கள். தீவில் ஒரு பக்கக் கரையில் மணலுக்குப் பதிலாக உடைந்த முருகைக்கல்தான் (பவளப்பாறை) குவிந்து கிடக்கும், நடந்தால் காலுக்கடியில் பீங்கான் ஓடு மாதிரிக் கலகலக்கும். வெறுங்காலோடு போகாதீர்கள், ரப்பர் செருப்பாவது வேண்டும். கண்ணாடி மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் போதும், இடுப்பளவு ஆழத்திலேயே கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கும் சத்தம் கேட்கும். துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்களும் வரும். அவை ஒன்றும் செய்யாது, துரத்தாமல் இருந்தால் சரி. பையனிடம் கையெடுத்துக் கேட்டேன் என்று சொல்லுங்கள்: களைத்துப் போனாலும் முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்கக் கூடாது. அது கல் இல்லை, உயிர். ஒரு விரல் நீளம் வளர வருடக்கணக்காகும், ஒரு மிதியில் உடைந்துபோகும். சீசனில் வருகிற சனம் மிதித்து மிதித்தே கனக்க இடம் செத்துப்போய் வெள்ளையாகக் கிடக்கிறது. சிறுவயதில் நான் பார்த்த நிறம் இப்போது பாதிகூட இல்லை. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மிதந்தால் காலை ஊன்ற வேண்டிய தேவையே வராது. சனி, ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில் முதல் படகில் போங்கள்.

திமிங்கலமும் எங்கள் பக்கத்தில் உண்டு. திருமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடலடி ஒரு பெரிய பள்ளத்தாக்காக இறங்குகிறது, அதனால் நீலத் திமிங்கலம் கரைக்குக் கிட்டவே வந்துபோகும். ஆகஸ்ட் அந்தச் சீசனின் கடைசிப் பகுதி என்பதால் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓங்கில் (டால்பின்) கூட்டம் வர நல்ல வாய்ப்பு உண்டு.

அப்பாவைக் கோணேசுவரத்துக்குக் கூட்டிப் போங்கள். கோட்டைக்குள்ளால் போகிற பாதையில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே திரியும். வாகனம் கிட்டத்தட்ட மேலேவரை போகும் என்பதால் முட்டிக்குத் தொல்லை இல்லை. மாலைப் பூசைக்குப் பிறகு பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்தால் ஐயா திரும்பி வர மாட்டேன் என்பார்.

இன்னொன்று. ஹபரணையிலிருந்து திருமலை வரும் வீதி காட்டுக்குள்ளால் வருகிறது. பொழுதுபட்டால் யானை வீதியில் நிற்கும். மாலை ஐந்துக்கு முன் வந்து சேருங்கள், எந்தச் சாரதி என்ன சொன்னாலும் இரவில் வெளிக்கிட வேண்டாம்.

அடையாறு_நடை:

மகளுக்கு யானை என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு ஆகஸ்ட்டை விடச் சிறந்த மாதம் கிடையாது. மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய பழைய குளம். கோடையில் தண்ணீர் வற்ற வற்றக் குளத்தின் படுகையில் இளம்புல் முளைக்கும், அதைத் தின்னச் சுற்றுவட்டாரக் காட்டு யானை எல்லாம் வந்து கூடும். இருநூறு முந்நூறு வரைகூடச் சேரும் என்கிறார்கள். நாங்கள் போன அன்று நான் எண்ணியது எழுபது சொச்சம், அதுவே போதும் போதும் என்றிருந்தது. கண்ணில் நிற்பது கூட்டத்தை விட ஒரு தாய் யானை. தும்பிக்கையால் புல்லைச் சுருட்டி, முன்கால் நகத்தால் வேரை ஒரு உதை, பிடுங்கிய கட்டை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு வாய்க்குள். பக்கத்தில் குட்டி அதே மாதிரி செய்து பார்க்கிறது, புல் வாய்க்குப் போவதற்குள் கீழே விழுந்துவிடுகிறது. என் பெண் அதை விட்டு நகரவே இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் யானைகள் வெளியே வரும், காலையில் போய்ப் பயனில்லை. குளத்தில் நீர் அதிகமாக இருக்கும் வருடங்களில் கூட்டம் பக்கத்துக் கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ மாறிவிடும். அதனால் முன்கூட்டியே மின்னேரியாதான் என்று பணம் கட்டாமல், அன்று மதியம் ஹபரணையில் ஜீப்காரர்களிடம் "இன்று எங்கே நிற்கிறது" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஏறும் முன்பே ஓட்டுநரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், யானைக்கு ரொம்பப் பக்கத்தில் போக வேண்டாம், எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் போதும் என்று. பத்து ஜீப் சுற்றிவளைத்துக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிற காட்சியையும் பார்த்தேன், நாமும் அதில் ஒரு ஜீப்பாக இருக்கக் கூடாது.

அங்கே தங்கினால் சிகிரியா பக்கம்தான். அங்கே பாறை உச்சியில் உள்ள பழைய கோட்டைக்குச் சுமார் 1200 படி, கதவு திறந்தவுடன் ஏறிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். அப்பா கீழே நீர்த் தோட்டத்தில் நடக்கட்டும், அதுவே அழகு. பாறையில் குளவிக் கூடு உண்டு, சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பார்கள், அதை மதியுங்கள். பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம், இந்தியர்களுக்கு சார்க் சலுகைக் கட்டணம் உண்டு.

கொழுந்துக்கூடை:

நான் பண்டாரவளை. மலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆகஸ்ட்டில் நுவரெலியா வேண்டாம், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் ஊவாப் பக்கம் வாருங்கள். அந்தப் பக்கம் மழையும் பனிமூட்டமும், எங்கள் பக்கம் வெயிலும் காற்றும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் இந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வருகிறது, இங்கே ஃபேக்டரிக்குப் பக்கத்தில் நடந்தாலே அந்த வாசம் மூக்கில் ஏறும். ஹோர்ட்டன் சமவெளி, அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு எல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறவர்களுக்கு. ஆகஸ்ட்டில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து போய் வெள்ளைத் துணி கட்டின மாதிரி மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். சிவனொளிபாத மலையும் அப்படித்தான். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரைதான் யாத்திரை, மற்ற மாதங்களில் படியில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது.

எல்லவில் லிட்டில் ஆடம்ஸ் பீக் ஏறுங்கள். தேயிலைக்கு நடுவில் பாதை, முக்கால் மணி நேரம், கடைசியில் மட்டும் கொஞ்சம் படி, உங்கள் மகளே ஓடிவிடுவாள். எல்லப் பாறை கடினம், நீங்களும் பையனும் மட்டும் விடியலில் போகலாம். ஒன்பது வளைவுப் பாலம் 1921ல் முடிந்தது, இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. படம் எடுக்கத் தண்டவாளத்தில் உட்காராதீர்கள், வளைவில் ரயில் வருவது தெரியாது. அப்பாவுக்கு அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட். ஆட்டோ ஏறக்குறைய உச்சிவரை போகும், காலை ஏழுக்கு முன் போனால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். வழியில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். தமிழில் ஒரு வணக்கம் சொல்லி நாலு வார்த்தை கதையுங்கள், பிறகு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். எங்கள் பாட்டன் பாட்டிமார் உங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்தவர்கள்தான், கேட்காமல் கேமராவை நீட்டுகிற வழக்கம் எங்களுக்கு வலிக்கும்.

ராவணன் நீர்வீழ்ச்சியை வீதியிலிருந்து பாருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். பாறை வழுக்கும், அங்கே உயிர் போயிருக்கிறது.

ரயில் கட்டாயம். ஆனால் கண்டியிலிருந்து எல்ல வரை ஆறேழு மணி நேரம் பிள்ளைகளால் முடியாது. பண்டாரவளையில் ஏறி நானுஓயாவில் இறங்குங்கள், சாரதி வண்டியோடு அங்கே வந்துவிடட்டும். நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல, 1,891 மீட்டர், இந்தப் பாதையில்தான். ஒகியா தாண்டி ஒரு சுரங்கம் வரும், ஆகஸ்ட்டில் பல நாள் அதற்கு இந்தப் பக்கம் வெயில், வெளியே வந்தால் அந்தப் பக்கம் சாரல். மேலே அந்தத் தம்பி சொன்ன கச்சானை நீங்கள் கண்ணால் பார்க்கிற இடம் அது. முன்பதிவு இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், திறந்த அன்றே எடுங்கள். மண் சரிந்தால் பாதி வழியோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் நாள் ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொங்குப்பயணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஏஜென்ட்டிடம் பேசிவிட்டேன், முழுசாக மாற்றச் சொல்லிவிட்டேன். சிகிரியா பக்கம் 2 இரவு, நிலாவெளி 3, எல்ல 2, கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ஒரே சந்தேகம்: திருகோணமலையிலிருந்து எல்ல போகக் கண்டி வழிதான் நல்லது என்கிறார், சரியா?

கொழுந்துக்கூடை:

கண்டி வழி வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே எசல பெரஹரா என்கிற பெரிய பௌத்தத் திருவிழா ஊர்வலம் நடக்கும், தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், உங்கள் நாளில் விழுந்தால் ஊருக்குள் வண்டி நகராது, அறை வாடகையும் பல மடங்கு. பொலன்னறுவை, மகியங்கனை, பதுளை வழியாக வாருங்கள். ஒரு பகல் முழுக்க ஆகும், காலை ஏழுக்கே கிளம்பினால் வெளிச்சத்தில் எல்ல வந்துவிடலாம். மகியங்கனை தாண்டினால் பதுளை வரை ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும்தான், மகளுக்கு வண்டியில் தலை சுற்றும் என்றால் மதியச் சாப்பாட்டை மகியங்கனையில் வைக்காமல் பதுளைக்குத் தள்ளிப்போடுங்கள்.