ஏற்றத்தில் ட்ரெய்லர் இழுத்தால் கியர் பாக்ஸ் சூடாகிறது, பெரிய கூலரை எப்படி மாட்டுவது? அவசரம்

சுமைவண்டி:
வணக்கம். ட்ரெய்லரோடு மலை ஏறும்போது கியர் பாக்ஸ் ஆயில் சூட்டுக்கான எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினேன், அணைந்தது. திரும்ப ஏறினேன், திரும்ப வந்தது. இப்போது கியர் பாக்ஸ் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும் பெரிய கூலர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி நேராக இதில் மாட்டிவிடலாமா? அடுத்த வாரம் மறுபடி கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலாவது_கியர்:
என்ன வண்டி? ட்ரெய்லர் சரக்கோடு எத்தனை கிலோ? சூடு எத்தனை டிகிரி காட்டியது? முன்னால் ஏற்கெனவே தனிக் கூலர் இருக்கிறதா, ரேடியேட்டருக்குள் இருப்பது மட்டும்தானா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

தனிவழி:
தாராளமாக மாட்டுங்கள். ரேடியேட்டர் பக்கமே போகாதீர்கள். என் வண்டியில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் ஓட்டையாகித் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவினால் இளஞ்சிவப்பாக, பால் கலந்த மாதிரி நுரை. கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருந்த லைனிங் தண்ணீரில் ஊறிப் பெயர்ந்துவிட்டது. கியர் பாக்ஸ் முழுக்கப் பிரிக்கவேண்டி வந்தது. அன்றிலிருந்து எனக்கு ரேடியேட்டர் மேல் நம்பிக்கை இல்லை.

பழையகை:
இதே கேள்வி இங்கே பல தடவை வந்தாயிற்று. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, கூலரை வாங்குவதற்கு முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாயா? ஆட்டோமேட்டிக்கில் சூட்டின் பெரும்பகுதி பிறப்பது டார்க் கன்வெர்ட்டரில், அதாவது எஞ்சின் விசையை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தில். அது லாக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேராகப் பூட்டிக்கொள்ளாமல், ஓடும் வரைக்கும் உள்ளே ஆயிலை ஆயிலே கடைந்துகொண்டிருக்கும், அத்தனையும் சூடு. மெதுவான ஏற்றத்தில் மேல் கியரிலேயே விட்டு ஓட்டினால் லாக் ஆவதும் விடுவதுமாகத் தடுமாறும். எந்தக் கூலரும் அதைச் சரிசெய்யாது. டோ மோடைப் (ட்ரெய்லர் இழுப்பதற்கான பட்டன்) போடு, இல்லையென்றால் கையால் ஒரு கியர் கீழே இறக்கு. இது அடிப்படை.

நாலாவது_கியர்:
பழையகை சொல்வது சரிதான், ஆனால் கேட்டவர் புதியவர், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. தனிவழி, உங்களுக்கு நடந்தது கொடுமைதான். அதற்காக எல்லோரும் ரேடியேட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. கியர் பாக்ஸிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போகட்டும். அங்கே தண்ணீர் பெரிய சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு காற்றுக் கூலர், அங்கிருந்து திரும்ப கியர் பாக்ஸ். குளிர்காலத்தில் ஆயிலைச் சீக்கிரம் வெதுவெதுப்பாக்குவதும் அதே ரேடியேட்டர்தான்.

தனிவழி:
ரேடியேட்டர் பழசாக இருந்தால்? அதையும் மாற்றச் சொல்கிறீர்களா?

நாலாவது_கியர்:
ஆமாம். பழசாகி நம்பிக்கையில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். அது கியர் பாக்ஸைவிடச் சின்னச் செலவு.

சுமைவண்டி:
மன்னிக்கவும், விவரம் சொல்லவே இல்லை. பிக்கப், 6 கியர் ஆட்டோமேட்டிக், தனிக் கூலர் கிடையாது. ட்ரெய்லர் சரக்கோடு சுமார் 3000 கிலோ. சூடு 118 டிகிரி வரை போனது, ஆயில் தட்டில் இருக்கும் சென்சார் காட்டியது. டி-யில்தான் ஓட்டினேன், டோ மோடு பட்டனைத் தொட்டதே இல்லை. எஞ்சின் தண்ணீர் சூடும் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. ஆயில் இதுவரை மாற்றியதில்லை.

ஆயில்சொட்டு:
தட்டில் 118 என்றால் கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் இடத்தில் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி நல்லது. 120-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும், சீல்கள் இறுகும். டிப்ஸ்டிக்கை ஒரு வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நிம்மதி. பழுப்பாகி, அடிப்பிடித்த வாசம் வந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

தனிவழி:
பல வருடம் மாற்றாத ஆயிலை இப்போது மாற்றாதீர்கள். மாற்றிய மறுவாரமே கியர் வழுக்க ஆரம்பித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில்சொட்டு:
அவை ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியதால்தானே மாற்றக் கொண்டுவந்தார்கள்? புது ஆயில் மேல் பழி போடாதீர்கள். தட்டிலிருந்து வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கன்வெர்ட்டரிலும் குழாயிலும் தங்கிவிடும். இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்றினால் போதும். அழுத்தம் வைத்துக் கழுவ வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

தனிவழி:
அழுத்தத்தைத்தான் நானும் சொன்னேன்.

ஆயில்சொட்டு:
அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

பழையகை:
இருவரும் தலைப்புக்கு வாருங்கள். எஞ்சின் தண்ணீரும் சூடானது என்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லை. கூலருக்கு வரும் காற்றே தடைபட்டிருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார், தம்பி. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், குப்பை பின்னால் ஒளிந்திருக்கும். ரேடியேட்டர் விசிறியைச் சுற்றவைக்கும் விசிறி கிளட்ச்சையும் பார்.

நாலாவது_கியர்:
மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: தட்டு அடுக்கிய வகைக் கூலரா, குழாயும் இதழும் உள்ளதா என்று சொல்லுங்கள். முதல் வகை கொஞ்ச இடத்தில் அதிகம் குளிர்விக்கும். எந்தக் குழாய் வெளியே போவது என்று தெரியாவிட்டால், குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், முதலில் சூடாவது போகும் குழாய், மற்றது திரும்பும் குழாய். பெட்ரோல் ஹோஸ் வேண்டாம், கியர் பாக்ஸ் ஆயிலுக்கென்று வரும் ஹோஸ்தான் போடணும். கூலரின் இதழ்களுக்கு நடுவே பிளாஸ்டிக் பட்டையை நுழைத்துக் கட்டாதீர்கள், அதிர்வில் உரசி ஓட்டை விழும், கம்பிச் சட்டத்தில் பொருத்துங்கள். மாட்டியபின் ஆயில் அளவு குறையும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடாக இருக்கும்போது பார்த்து நிரப்புங்கள்.

சுமைவண்டி:
தட்டு அடுக்கியதுதான். பிறகு எழுதுகிறேன்.

ஆயில்சொட்டு:
என்ன ஆச்சு? ஆயில் நிறம் என்ன?

நாலாவது_கியர்:
கிளம்பிவிட்டாரோ? கூலர் மாட்டாமலே போயிருந்தால் கவலைதான்.

சுமைவண்டி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், வழியில் இருக்கிறேன். கண்டென்சருக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். காய்ந்த சேறும் பஞ்சு மாதிரி விதையும் கம்பளி போலப் படிந்திருந்தது. மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பின்பக்கமிருந்து கழுவினேன், ஒரு வாளி குப்பை வந்தது. ஆயில் பழுப்புதான், இரண்டு தடவை வடித்து ஊற்றினேன். கூலரை ரேடியேட்டருக்குப் பிறகு மாட்டினேன். அதே மலை, அதே சுமை, டோ மோடில் 96 டிகிரி. கிளிப் ஒன்றில் லேசாகக் கசிகிறது, இறுக்கிவிட்டுக் கிளம்புகிறேன். நன்றி.

பழையகை:
ஹோஸை நெளி விளிம்புள்ள முனையில் முழுக்க ஏற்றினாயா? கிளிப்பை அதற்குப் பின்னால்தான் போடணும். முனையின் மேலேயே இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.