கத்தி அறிவித்தலில் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

உப்புவெளிக் கடற்கரையோரம் உள்ள விடுதி ஒன்றின் சமையலறைச் சுவரில் ஒட்டுவதற்காக, நல்ல கத்திகளைப் பேணும் முறை பற்றி ஒரு பக்க அறிவித்தலைத் தமிழில் எழுதித் தரும்படி சென்ற மாதம் என்னைக் கேட்டிருந்தார்கள். கத்தியைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் முதல் வரியிலேயே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கோப்பைகளையும் பாத்திரங்களையும் கழுவும் பொறிக்குள் ஒரு பொருளை வைக்கலாம் என்பதற்கு அடையாளமாகப் பெட்டிகளில் அச்சிடப்படும் ‘டிஷ்வொஷர் சேஃப்’ என்ற தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? நான் வந்தடைந்த விடையையும் அதற்கான காரணங்களையும் இங்கே வைக்கிறேன். குறை இருந்தால், தாள் சுவரில் ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சமையலறையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. ‘பாத்திரங்கழுவிக்குப் பாதுகாப்பானவை’ என்பது அதன் தலைப்பு. கீழே பீங்கான்கள், கிளாசுகள், கரண்டிகள் என்று வரிசையாகச் சென்று, ‘துருப்பிடிக்காத உருக்குப் பொருட்கள் அனைத்தும்’ என்று முடிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து சில கிழமைகளே ஆன ஒரு தம்பி, அந்தத் தாளை நம்பி, தலைமைச் சமையற்காரரின் கத்தியைப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து பொறியில் வைத்துக் கழுவியிருக்கிறார். நான் பார்த்தபோது அலகில் ஊசிமுனை அளவில் கறள் (துரு) புள்ளிகள் இருந்தன. மரப்பிடி ஆணியைச் சுற்றி வெடித்திருந்தது. கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இரண்டு இடங்களில் பல் விழுந்திருந்தது. கேட்டபோது, “பாதுகாப்பு என்றுதானே ஐயா எழுதியிருக்கிறது, கத்தியால் மெசினுக்கு ஒன்றும் நடக்கவில்லையே” என்றார்.

அவர் தாளைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். ‘குழந்தைக்குப் பாதுகாப்பானது’ என்றால் குழந்தைக்குத் தீங்கு வராது என்று பொருள் கொள்கிறோம். ஆகவே ‘பாத்திரங்கழுவிக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதினால், தீங்கு வராமல் காக்கப்படுவது பாத்திரங்கழுவிதான் என்றே தமிழறிந்த எவரும் கொள்வார். ஆங்கிலத் தொடரில் வேற்றுமை உருபு இல்லாததால் மறைந்து கிடக்கும் மயக்கம், தமிழில் ‘கு’ உருபு வந்து சேர்ந்தவுடன் பிழையான பக்கமாகத் தெளிந்துவிடுகிறது.

உருபை மாற்றி, ‘பாத்திரங்கழுவியில் பாதுகாப்பானது’ என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்ல, பொறிக்குள் கத்திக்கு என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உருக்கு. 1913இல் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி குரோமியம் கலந்த உருக்கை உருவாக்கியபோது, துருவற்றது என்று பொருள்படும் பெயராலேயே அதை அழைத்தார். அதே நகரில் கத்தித் தொழிற்சாலை ஒன்றின் மேலாளராக இருந்த ஏர்னஸ்ட் ஸ்டுவர்ட், அதை வினாகிரியில் இட்டுப் பார்த்த பிறகு, கறைபடாதது என்ற இன்றைய பெயரைச் சொன்னார். தமிழ்நாட்டார் எழுதும் ‘துருப்பிடிக்காத எஃகு’ முதற்பெயரின் பொருளோடும், இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘கறையில் உருக்கு’ இரண்டாம் பெயரின் பொருளோடும் ஒத்துப்போகின்றன. இரண்டுமே, அந்த உருக்கால் கொடுக்க முடிந்ததைவிடக் கூடுதலாக வாக்களிக்கின்றன. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த உருக்கின் மேல் ஒட்சிசன் பட்டதும் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிறது. கறளைத் தடுப்பது அந்தப் படலம் மட்டுமே. உப்பிலுள்ள குளோரைட்டு அதை ஆங்காங்கே துளைத்து உள்ளே குழி பறிக்கும். அந்தத் தம்பி கண்ட புள்ளிகள் அவைதான்.

அதே பொறியில், அதே நீரில், கரண்டி பளபளப்புடன் வெளியே வர, கத்தி மட்டும் ஏன் புள்ளி விழுகிறது என்பதை அவருக்கு விளக்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. நல்ல கரண்டிகளுக்கான உருக்கில் பெரும்பாலும் 18 சதவீதம் குரோமியமும் 8 அல்லது 10 சதவீதம் நிக்கலும் இருக்கும். காபன் மிகக் குறைவு. கத்தியோ கூர்மையைப் பிடித்துவைத்திருக்க வேண்டும், அதற்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் காபன் வேண்டும். செருமானியக் கத்திகளில் பரவலாகக் காணப்படும் உருக்கில் 0.5 சதவீதம் காபனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ளன. யப்பானியக் கத்தி உருக்குகள் சிலவற்றில் காபன் 1 சதவீதத்தைத் தொடும். இந்தக் காபன் குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், படலத்துக்கென்று எஞ்சும் குரோமியம் குறைந்துவிடுகிறது. ஆகவே ‘கறையில் உருக்கு’ என்ற ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு பொருட்கள் ஒரே பொறிக்குள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. மீனின் உப்பு, எலுமிச்சம்புளி, காரம் மிகுந்த சலவைத்தூள், மூடிய பொறிக்குள் நெடுநேரம் நிற்கும் ஈரம் ஆகியவை எல்லாம் கத்தியின் மேல் ஒன்றுசேர்கின்றன. நீரை மென்மையாக்கும் பகுதி கொண்ட பொறிகளில் அதற்கென்று போடும் உப்பு, மூடி சரியாக இறுகாவிட்டால், கழுவும் நீரிலேயே கலந்துவிடும். யன்னல் கம்பிகளுக்கே கடற்காற்று கறள் ஏற்றும் எங்கள் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

அடுத்தது கத்தியின் வாய். நன்றாகத் தீட்டிய வாயின் நுனி ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர் தடிப்பே உள்ளது. தலைமயிர் அதைப்போல் எழுபது மடங்கு தடித்தது. பொறிக்குள் நீர் வேகமாகப் பீச்சும்போது, இறுகப் பிடிக்கப்படாத கத்தி ஆடி, அருகிலுள்ள பீங்கானில் மீண்டும் மீண்டும் மோதும். பீங்கான் உருக்கைவிடக் கடினமானது என்பதை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறார்கள். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் கத்தியைத் தீட்டுவது அதனால்தான். ஒழுங்காகப் பிடித்து இழுத்தால் தீட்டும் அதே விளிம்பு, ஒழுங்கில்லாமல் மோதினால் வாயை மடித்துவிடும், அல்லது பல் விழச் செய்யும். இந்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்ற ஜோசபின் கொக்ரேன் 1886இல் அதை உருவாக்கியதே, வேலையாட்கள் கையால் கழுவும்போது தம் குடும்பத்துப் பீங்கான்கள் சிதைகின்றன என்ற கவலையால்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அது பீங்கானுக்காகப் பிறந்த பொறி.

பொறியின் வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும் என்று சமையற்காரர்கள் பலர் சொல்கிறார்கள். அறிவித்தலில் அதையும் சேர்க்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். விடுதிப் பொறிகளின் இறுதி அலசல் 82 பாகை செல்சியசு அளவில் நடக்கும். கத்திகளுக்குப் பதமேற்றும் வெப்பமோ பொதுவாக 150 பாகைக்கு மேற்பட்டது. அலகின் பதம் அந்த நீரில் இளகாது. வெப்பத்தால் கெடுவது பிடிதான்: மரம் ஊறிப் பருத்து, பின் காய்ந்து சுருங்கி, ஆணியை விட்டு விலகும்.

இவ்வளவையும் பார்த்தால், ‘பாதுகாப்பு’ என்ற சொல் ஏன் போதாது என்பது விளங்கும். கத்தி பொறிக்குள் உடைவதில்லை. பாதுகாப்பாகத்தான் வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, புள்ளி விழுந்து, பிடி தளர்ந்து வருகிறது. நாம் சொல்ல வேண்டியது ஆபத்து உண்டா இல்லையா என்பதை அல்ல. அந்தப் பொருள் அந்த வேலையை எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதை. அதற்குத் தமிழில் ஆட்சியில் உள்ள வினை ‘தாங்கு’ என்பது. இந்தச் சாயம் வெயில் தாங்காது, இந்தப் போத்தல் சூடு தாங்கும், இந்தப் பயிர் வரட்சி தாங்கும் என்று படித்தவரும் படிக்காதவரும் ஒரே பொருளில் சொல்கிறார்கள். செருமானிய மொழியில் இதற்கென்று இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘ஏற்றது’ என்றும் மற்றது ‘தாங்கும் உறுதியுள்ளது’ என்றும் பொருள்படும், இரண்டாவதே வலிமையான வாக்குறுதி. இஎன் 12875 என்ற ஐரோப்பியத் தரநிலையின் தலைப்பிலும் இருப்பது தாங்குதிறனைக் குறிக்கும் சொல்லே; பாதுகாப்பைக் குறிக்கும் சொல் அல்ல.

ஆகவே பொறிக்குக் ‘கழுவுபொறி’ என்றும், பொருளின் மேல் எழுத ‘கழுவுபொறி தாங்கும்’, ‘கழுவுபொறி தாங்காது’ என்றும் முன்மொழிகிறேன். ‘பாத்திரங்கழுவி’ என்பதை நான் விட்டுவிட்டதற்குக் காரணம், ‘கழுவி’ என்பது வினையெச்சமாகவும் நிற்பதுதான். ‘பாத்திரம் கழுவி வைக்கவும்’ என்ற பக்கத்துத் தாளுக்கும் இதற்கும் இடையே அவசரத்தில் வாசிப்பவர் தடுமாறுவார்.

திருகோணமலையிலிருந்து,
அன்புடன்.

*

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ‘தாங்கு’ என்ற வினையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ‘கழுவுபொறி தாங்காது’ என்ற தொடரை நீங்கள் இன்னொரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘வெயில் தாங்காது’ என்பதில் மயக்கம் வராததற்குக் காரணம், வெயில் எதையும் தாங்கும் பொருள் அல்ல என்பதுதான். பொறி அப்படியல்ல. ‘இந்தக் கூரை தாங்காது’, ‘இந்த வண்டி தாங்காது’ என்றால், கூரையாலும் வண்டியாலும் பாரத்தைச் சுமக்க முடியாது என்றுதான் கொள்கிறோம். அப்படியே ‘கழுவுபொறி தாங்காது’ என்பதையும் அந்தத் தம்பி, பொறியால் இந்தக் கத்தியைத் தாங்க முடியாது என்று வாசித்துவிடக்கூடும். எந்தப் பிழையிலிருந்து வெளியே வர இவ்வளவு நேரம் எழுதினீர்களோ, அந்தப் பிழைக்கே அது திரும்பக் கொண்டுபோய்விடும். தாங்க வேண்டியது பொறியை அல்ல, பொறியில் நடக்கும் கழுவலை. எனவே ‘பொறிக்கழுவல் தாங்காது’ என்று செயலின் பெயரை முன்னே வைத்தால் என்ன? கழுவல் எதையும் சுமக்காது. வெயிலைப் போல நிற்கும்.

இன்னொன்று. இதற்கு மறுதலையாகக் கையால் கழுவ வேண்டியவற்றுக்கு என்ன எழுதப்போகிறீர்கள்? ‘கைக்கழுவல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இங்கே ஒருவரையோ ஒரு காரியத்தையோ கைகழுவிவிட்டார்கள் என்றால் அடியோடு விட்டுவிட்டார்கள் என்று பொருள். சமையலறையில் எழுதினாலோ, கையைக் கழுவச் சொல்கிறார்கள் என்றே எண்ணுவார்கள்.

‘பொறி’ என்றால் எங்கள் பக்கத்தில் எலிப்பொறி நினைவுக்கு வரும் என்று என் தங்கை சொல்கிறாள். எனக்கு அது பெரிய தடையாகத் தோன்றவில்லை என்றாலும், உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து,
வணக்கத்துடன்.

*

அன்பின் அம்மா,

உங்கள் திருத்தம் மிகச் சரியானது. தாளை அச்சிடுவதற்கு முன் அந்தத் தம்பியிடமே இரண்டு தொடர்களையும் காட்டி, என்ன விளங்குகிறது என்று கேட்டேன். ‘கழுவுபொறி தாங்காது’ என்பதைப் பார்த்ததும், “மெசின் பழுதாகுமா?” என்று கேட்டார். ‘பொறிக்கழுவல் தாங்காது’ என்பதைப் பார்த்து, “இதைக் கையாலே கழுவ வேணும்” என்றார். இதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை. கைத்தறி, விசைத்தறி என்ற சொற்கள் வேலை நடக்கும் முறையை முன்னே வைத்து அமைந்ததைப்போல இதுவும் இயல்பாகவே அமைகிறது.

தங்கை சொன்ன எலிப்பொறியைப் பற்றி: பொறியியல், பொறியாளர் என்ற சொற்கள் இரண்டு கரையிலும் ஊன்றிவிட்டன. எலிப்பொறியும் ஒரு இயந்திரம்தான் என்பதால் சொல்லின் பொருளில் முரண் இல்லை. வேண்டாம் என்பவர்கள் ‘இயந்திரக்கழுவல்’ என்று எழுதலாம். சுவர்த்தாளில் இடம் குறைவு என்பதால் நான் குறுகியதை எடுத்துக்கொள்கிறேன்.

‘கைக்கழுவல்’ பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. அதையேதான் எழுதி வைத்திருந்தேன். வெட்டிவிட்டு ‘கையால் மட்டும் கழுவுக’ என்று மாற்றினேன்.

உலர்த்திய பிறகு எண்ணெய் பூசுவது பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கறையில் உருக்குக் கத்திக்கு அது கட்டாயமில்லை; கொல்லுப்பட்டறையில் அடித்த சாதாரண உருக்குக் கத்திகள் இரண்டு அந்தச் சமையலறையில் மீன் வெட்டப் பயன்படுகின்றன, அவற்றுக்கு வேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருப்பதைச் சொல்கிறார். அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதே அங்கே பெருமை; சமையலறையில் நாங்கள் தொண்டைமானின் வழியைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

அச்சுக்கென்று நான் எழுதிய வாசகம் இது:

‘கத்திகள் பொறிக்கழுவல் தாங்காது. கையால் மட்டும் கழுவுக. வெட்டி முடித்தவுடன் சவர்க்காரமும் மென்மையான தேய்ப்பானும் கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கித் துடைத்துக் கழுவி, உடனே துவாயால் ஈரம் போகத் துடைத்து, தனியுறையில் வைக்கவும். தொட்டியில் ஊறப் போட வேண்டாம். சாதாரண உருக்குக் கத்திக்கு உலர்ந்த பின் மெல்லிதாக எண்ணெய் பூசவும்.’

எழுதி முடித்த பிறகு முதல் வரியில் ‘கத்திகள்… தாங்காது’ என்று பன்மைக்கு ஒருமை முடிவு வந்திருப்பதைக் கண்டேன். ‘தாங்கா’ என்று எழுதினால் இலக்கணம் சரியாகும். ஆனால் இன்றைய வாசகர் அதை முற்றுப்பெறாத சொல்லாக எண்ணுவார். ஆகவே ‘கத்தி பொறிக்கழுவல் தாங்காது’ என்று ஒருமையாகவே திருத்திக் கொடுத்திருக்கிறேன். பழைய தாளை நேற்றுக் கழற்றிவிட்டார்கள்.

திருகோணமலையிலிருந்து,
அன்புடன்.