கேன்சர் ட்ரையல் நடத்த நிதியும் வழிகாட்டியும் தேவை

வணக்கம். டிஎம் ஆன்காலஜி முடித்துவிட்டு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். வாய்ப் புற்றுநோய்க்குக் குறைந்த டோஸில் தினமும் கொடுக்கும் மாத்திரை கீமோ பற்றி ஒரு ட்ரையல், அதாவது நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, நடத்த ஆசை. ஓபி டோக்கன் தீரவே மூன்று மணி, அப்புறம் வார்டு. ட்ரையலில் சேரும் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கன்சென்ட் ஃபார்மை (சம்மதப் படிவத்தை) வரிவரியாகப் படித்துச் சொல்ல நேரம் ஏது?

மருந்துச் செலவை எப்படியாவது புரட்டிவிடலாம். என் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கும் நிதிதான் அபூர்வம். அமெரிக்காவில் டேமன் ரன்யான் என்ற புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை இளம் டாக்டரோடு அவருடைய வழிகாட்டியையும் பார்த்துத்தான் பணம் தருகிறது. ஆஸ்கோ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் ஐடியா விருதில் மென்டார் (வழிகாட்டி) உண்டு, ஆனால் ட்ரையலை நடத்த அது போதாது. எனக்குத் தோதாகத் தெரிவது, மத்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நிதி தரும் இந்தியா அலையன்ஸின் கிளினிக்கல் ஃபெலோஷிப்.

அதன் நேர்காணலுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஓபியைக் குறைப்பதாக நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கியது எப்படி? வாய்மொழி உறுதியெல்லாம் ஓபியில் கூட்டம் ஏறினால் காற்றோடு போச்சு. நேஷனல் கேன்சர் கிரிட் (இந்தியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு) நடத்தும், ட்ரையல் வடிவமைக்கக் கற்றுத்தரும் கிரேடோ பட்டறைக்குப் போனவர்களும் சொல்லுங்கள், ப்ரோட்டோகால் (ட்ரையலின் எழுத்துத் திட்டம்) எந்த அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும்?

அடையாறு, வேலூர் பக்கம் ட்ரையல் நடத்திய சீனியர்கள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிய உதவி. நல்ல புள்ளியியல் ஆள் தெரிந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ப்ளீஸ்.