மறு: ‘மறைப்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஹோமியோபதி பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் தமிழில் விளக்க, இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> அலொகேஷன் கன்சீல்மென்ட், பிளைண்டிங் இரண்டுக்குமே ‘மறைப்பு’ என்று வைத்துவிடலாம். பெரிய வித்தியாசம் இல்லை.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது, நோயாளியை ஆய்வில் சேர்க்கும்போதே நடப்பது. அடுத்து வருபவர் மருந்துப் பிரிவுக்கா, மருந்துப்போலிப் பிரிவுக்கா (மருந்தே இல்லாத, மருந்துபோல் தோன்றும் ஒன்றைத் தரும் பிரிவு) என்பது சேர்க்கும் மருத்துவருக்குத் தெரியக் கூடாது. பிரிவு எழுதி ஒட்டிய உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டால், நோய் முற்றியவரை ஒரு பக்கமும் லேசானவரை இன்னொரு பக்கமும் தள்ள மனசு இழுக்கும். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்யும் சமவாய்ப்பு அங்கேயே போச்சு. இரண்டாவது, சேர்த்த பிறகு யாருக்கு எது போகிறது என்பதைக் கடைசிவரை தெரியாமல் காப்பது. ஹோமியோபதி உருண்டைகள் பார்வைக்கும் ருசிக்கும் ஒன்றுபோல் இருப்பதால் இது எளிது. முதலாவது அப்படித் தானாக வந்துவிடாது.

விளைவும் ஒன்றல்ல. 1995இல் ஷுல்ஸ் குழு 250 மருத்துவ ஆய்வுகளை அலசியது. முதல் மறைப்பு சரியில்லாதவை பலனைச் சராசரியாக 41% மிகைப்படுத்தின. இருதரப்பு மறைப்பு (டபுள் பிளைண்ட்: நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதது) இல்லாதவை 17%.

ஹோமியோபதியில் இந்தத் தரப் பிரச்சினை முடிவையே மாற்றுகிறது. 1997இல் லிண்டே குழு 89 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஹோமியோபதிக்குச் சாதகமாக வந்தது. 1999இல் அதே குழு தரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, நல்ல ஆய்வுகளில் பலன் குறைந்தது. 2005இல் ஷாங் குழு 110 ஹோமியோபதி ஆய்வுகளையும் 110 நவீன மருத்துவ ஆய்வுகளையும் ஒப்பிட்டது. இரண்டிலுமே சிறிய, தரம் குறைந்த ஆய்வுகள் பலனைக் கூட்டிக் காட்டின. பெரிய, தரமான 8 ஹோமியோபதி ஆய்வுகளில் மருந்துப்போலியைத் தாண்டிய பலனுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. இங்கே தில்லியில் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் உள்ள நம் தமிழர்கள் கேட்பது இதைத்தான்: ஒரு ஆய்வு பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, எதை நம்புவது? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்களுக்கு எப்படி விளக்குவது?

இங்கே தில்லி அன்சாரி நகரிலிருந்து இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் படிவத்திலேயே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

என் பரிந்துரை: முதலாவதற்கு ‘முன்மறைப்பு’, இரண்டாவதற்கு ‘தொடர்மறைப்பு’. ‘ஒதுக்கீட்டு மறைப்பு’ வேண்டாம். ஒதுக்கீடு என்றதும் இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். ‘குருட்டாய்வு’ அறவே வேண்டாம், பார்வையற்றோரும் நம் வாசகர்கள்.

டபுள் பிளைண்டுக்கு ‘இருதரப்புத் தொடர்மறைப்பு’ நீளமாக இருக்கிறது. ‘இருவரறியா ஆய்வு’ சரிப்படுமா? எழுதுங்கள்.

அன்புடன்,
தில்லியிலிருந்து